மேம்பாலத்தின் கீழ் நான் செய்த ஜெபம்

போன வருடம் டிசம்பரில் என் கணவரின் கால் அழுகத் தொடங்கியது. அப்போது நாங்கள் தாம்பரத்தில் மேம்பாலத்துக்குக் கீழே படுத்திருந்தோம்.

என் பெயர் எஸ்தர். கணவர் தேவராஜ். திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறைக்கு அவர் வாட்ச்மேனாக இருந்தார். அங்கேயே ஓர் அறையில் குடியிருந்தோம். முதலாளி இறந்ததும் பிள்ளைகள் இடத்தை விற்றுவிட்டார்கள். வேலையும் போனது, அறையும் போனது. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. கொஞ்ச நாள் உறவினர் வீட்டில் இருந்தோம். அவர்கள் முகம் மாறியதைப் பார்த்த பிறகு அங்கே இருக்க மனம் வரவில்லை.

அவருக்குச் சர்க்கரை வியாதி. காலில் ஏதோ குத்தியது புண்ணாகி, விரல்கள் கறுத்துவிட்டன. காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. அரசு ஆஸ்பத்திரியில் காட்டியபோது, உடனே சேரச் சொன்னார்கள். ஆனால் ஆண்கள் வார்டில் இரவில் பெண்கள் தங்க முடியாது. அதைக் கேட்டதும் அவர் திரும்பி வந்துவிட்டார்.

"ராவுல நீ இங்க தனியா கெடப்பியா? அன்னிக்கு ஒருத்தன் குடிச்சிட்டு வந்து உன் போர்வைய இழுத்தானே, மறந்துட்டியா? கால் போனா போவுது. உன்ன வுட்டுட்டு நான் போமாட்டேன்."

"ஆண்டவரே, இவர் மனதை மாற்றும்" என்று ஜெபித்துக்கொண்டே இருந்தேன். அவர் மனம் மாறவேயில்லை. கர்த்தர் எங்களைப் பார்த்தும் பாராமல் போய்விட்டார் என்றே நினைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை, ஒரு சபையிலிருந்து சிலர் வந்து பிரியாணியும் கேக்கும் போர்வையும் கொடுத்தார்கள். அவர்களில் ஜெனிஃபர் என்ற பெண் மட்டும் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, உங்களுக்கு இப்ப என்ன தேவை? சொல்லுங்க."

தெருவுக்கு வந்த பிறகு யாரும் எங்களை அப்படிக் கேட்டதில்லை. அழுதுவிட்டேன். "ராத்திரி பயமில்லாம படுக்க எனக்கு ஒரு எடம் வேணும்மா. அப்பதான் இவரு ஆஸ்பத்திரிக்கு வருவாரு."

அவள் காப்பகங்களுக்குப் போன் போட்டாள். எங்கும் இடமில்லை. அவள் முகம் வாடிவிட்டது.

சாப்பாட்டு அண்டாக்களை ஏற்றி வந்தது செல்வியின் மினி வேன். செல்வி பம்மலில் மீன் விற்பவள். சபைக்காரி அல்ல, உதவிக்கு வந்தவள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள் கிட்டே வந்தாள்.

"இன்னாத்துக்கு சும்மா போன் போட்டுக்கினு கீற? அக்கா என் வூட்டுக்கு வரட்டும். நானும் எம்பொண்ணும்தான். மீன் நாத்தம் அடிக்கும், அவ்ளோதான்."

என் கணவர் அவளையே பார்த்தார். "நெசமாவா தங்கச்சி?"

"நெசந்தாண்ணா. நீ மொதல்ல கால பாரு."

அவர் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. தூக்கி வேனில் ஏற்றினார்கள். அந்தக் குழுவில் வந்திருந்த அருள் அண்ணன் அன்று இரவு சபையில் பாட வேண்டியவர்; பாடப் போகாமல் வார்டில் என் கணவரின் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டார். அதன் பிறகும் சபைக்காரர்கள் மாறி மாறித் துணைக்கு இருந்தார்கள். டாக்டர்கள் இரண்டு விரல்களை எடுத்தார்கள். கால் தப்பியது.

அவர் குணமாகும்வரை செல்வி வீட்டில் இருந்தேன். நான் ஜெபிக்க முழங்காலில் நிற்கும்போது அவள் டிவி சத்தத்தைக் குறைப்பாள். ஒருநாள், "உங்க சாமிகிட்ட எம்பொண்ணுக்கும் சேத்து சொல்லுக்கா" என்றாள். இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது ஒரு பெண்கள் விடுதியில் எனக்குச் சமையல் வேலை. அவர் அங்கேயே கேட்டில் உட்காருகிறார். தங்க ஓர் அறை உண்டு. மாதம் ஒருமுறை இருவரும் அந்தச் சபைக் குழுவோடு சாப்பாடு கொடுக்கப் போகிறோம். பாலத்துக்கு அடியில் எங்கள் பக்கத்தில் படுத்திருந்த கண்ணையன் தாத்தாவை முதலில் தேடினோம். இல்லை. எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. எங்களுக்குக் கிடைத்த உதவி அவருக்கு ஏன் கிடைக்கவில்லை? எனக்குத் தெரியாது. அந்தப் பாரத்தோடுதான் ஸ்தோத்திரம் சொல்லுகிறேன்.

நான் என் கணவரின் மனம் மாற ஜெபித்தேன். கர்த்தரோ அவருடைய பயத்தைத் தீர்த்தார். பிரியமானவர்களே, கேட்டபடி பதில் வரவில்லை என்று சோர்ந்துபோகாதீர்கள், கர்த்தரை நம்பிக் காத்திருங்கள். உங்கள் வீட்டில் ஒரு பாய் விரிக்க இடமிருந்தால், அதையும் அவரிடம் சொல்லி வையுங்கள். அந்த இடத்துக்காக யாரோ இப்போது அழுது ஜெபித்துக்கொண்டிருக்கலாம்.