பாக்கியசீலன் பேர் கொடுத்த ஆடாக்ஸ்

என் தம்பி பாக்கியசீலன் முப்பது வருஷம் விக்கிரமசிங்கபுரம் மில்லுக்குச் சைக்கிளிலேயே போய்வந்தவன். இருநூறு கிலோமீட்டர் ஓட்டும் ‘ஆடாக்ஸ்’ சவாரியில் சேர அவனுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் பேர் கொடுக்கப் பயந்தான்.

“அந்த வார்த்தையத் தப்பாச் சொன்னா சின்னப் பயலுவ சிரிப்பானுவக்கா.”

நான் விடவில்லை. இங்கிலீஷும் லத்தீனும் தெரிந்த எங்கள் கோயில் பாதிரியாரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

“அது லத்தீன் வார்த்தை. அதுல ‘அவுடாக்ஸ்’னு சொல்லுவாங்க, இங்கிலீஷ்காரங்க ‘ஆடாக்ஸ்’ங்காங்க. துணிஞ்சவன்னு அர்த்தம்,” என்றார் அவர்.

“ரெண்டுல எதைச் சொல்ல?” என்று அங்கேயும் இழுத்தான் தம்பி.

“ஏலே, கொட்டுற மழையில பாபநாசம் ஏத்தத்தை மிதிச்சவன் நீ. எதையாவது ஒண்ணைச் சொல்லிட்டு ஏறி மிதிலே!” என்றேன்.

மறுநாள் பேர் கொடுக்கிற இடத்துக்குப் போய் ‘ஆடாக்ஸ்’ என்றே சொல்லியிருக்கிறான். ஒருவரும் சிரிக்கவில்லை.

“சைக்கிள்ல முன்விளக்கு எரியுதா அண்ணாச்சி?” என்று மட்டும் கேட்டார்களாம்.