முந்திரிக்காட்டு வழியும் ஒரு பை சங்கராவும்

என் மாமியார் வீடு மலைமேல் இருக்கிறது என்று சொன்னால் அலுவலகத்தில் சிரிப்பார்கள். கடலூர்ப் பக்கம் ஏது மலை என்பார்கள். ஊட்டி, கொடைக்கானல் பார்த்தவர்கள் அதை மேடு என்றுதான் சொல்வார்கள். பண்ருட்டிப் பேருந்தில் ஏறி, செம்மண் தொடங்குகிற இடத்தில் இறங்கி, முந்திரிக்காட்டுக்குள் முக்கால் மணி நேரம் ஏறியும் இறங்கியும் நடந்தால் ஊர் வரும். தார் ரோடு இருக்கிறது, அது சுற்று. ஷேர் ஆட்டோவும் வரும். ஆனால் என் மனைவி நடப்பாள், அதனால் நானும் நடக்கப் பழகினேன். இப்போது அவள் இங்கே இல்லை. நான் மட்டும் நடக்கிறேன்.

நான் கடற்கரைக்காரன். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தும் படகில் ஏறினால் வாந்தி எடுக்கிறவன். "இவன் வந்தா மீனுக்குத் தனியா எர போட வேணாம்" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். கடலுக்குள் போகப் போக முதலில் தென்னை மறையும், அப்புறம் கோபுரம், கடைசியில்தான் அந்தச் செம்மண் மேடு மறையும் என்பார். அதைப் பார்த்துத்தான் கரை திரும்புவார்களாம். நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் என் தலை படகுக்கு வெளியே குனிந்திருக்கும்.

அந்த மேட்டிலிருந்து வந்த பெண்ணைச் சிதம்பரத்தில் படிக்கும்போது பார்த்தேன். அவள் நர்ஸிங் படித்தாள். கல்யாணம் என்றதும் இரண்டு வீட்டிலும் ஆறு மாதம் பேச்சில்லை. அப்புறம் எங்கள் வீட்டிலிருந்து மீனும் அவர்கள் வீட்டிலிருந்து பலாப்பழமும் போய்வந்து சமாதானம் செய்தன.

முந்திரிக்காட்டில் நடக்க ஒரு சட்டம் உண்டு. வழிப்போக்கர்கள் பழத்தைப் பறித்துத் தின்னலாம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஆனால் பழத்தின் நுனியில் இருக்கிற கொட்டையைத் திருகி, அந்த மரத்தடியிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். கொட்டை தோப்புக்காரருடையது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. கல்யாணமான மூன்றாம் நாள் தனியாக நடக்கக் கிளம்பியவன், மரத்துக்கு மரம் நாலும் ஐந்துமாகக் கொட்டைகள் கிடப்பதைப் பார்த்தேன். இந்த ஊர்க்காரர்கள் இத்தனை அசட்டையா என்று வருத்தப்பட்டு, கைக்குட்டை நிறைய அள்ளிக்கொண்டு போய் மாமியாரிடம் நீட்டினேன். திருட்டுப் பொருளைக் கையில் வாங்கிய அந்த அம்மாள், மாப்பிள்ளையைத் திட்டவும் முடியாமல் பாராட்டவும் முடியாமல் நின்றார்.

அதோடு விட்டேனா? வருகிற வழியில் ஒரு பச்சைக் கொட்டையைக் கடித்தும் பார்த்திருந்தேன். அந்த ஓட்டில் இருக்கிற எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும் என்று அங்கே குழந்தைக்கும் தெரியும். மறுநாள் விருந்தில் என் உதடு இரண்டும் பணியாரம்போல உப்பியிருந்தன. கறிக்குழம்பு வாசம் பிடித்தபடி நான் மோர் குடித்தேன்.

"மாமா, எங்க ஊர்ல திருடனப் புடிக்க போலீஸே வேணாம்" என்றான் மனைவியின் தம்பி. "ஒதட்டப் பாத்தாப் போதும்."

அன்று சாயங்காலம் அவள் என்னைக் கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு மரமாகக் கொட்டைகளைத் திரும்ப வைக்கச் சொன்னாள். எந்த மரத்தில் எத்தனை எடுத்தேன் என்று எனக்கு நினைவில்லை. "குத்துமதிப்பா வையி மாமா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நடந்தது அன்றுதான் முதல் தடவை.

வளைகுடாவில் ஒரு மருத்துவமனையில் அவளுக்கு வேலை வந்தது. "போவட்டுமா?" என்று கேட்டாள். "போயிட்டு வா, அதுக்குள்ள நான் ரசம் வைக்கக் கத்துக்கிறேன்" என்றேன். சிரித்தாள். போய்விட்டாள். ரெண்டு வருஷ ஒப்பந்தம். இன்றுவரை ரசம் எனக்கு வரவில்லை.

அவள் போனபிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பை மீனோடு அந்த வழியில் நடக்கிறேன். மாமியாருக்கு மீன் கொடுக்க என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன். வழியில் இரண்டு நாய்கள் கூட வரும். என்மேல் உள்ள பிரியம் இல்லை, சங்கரா மீனின் மேல்.

இந்தச் சித்திரையில் ஒரு ஞாயிறு, வழக்கமான வழியில் முள் வெட்டிப் போட்டு அடைத்திருந்தார்கள். காய்ப்புக் காலத்தில் அப்படித்தான் செய்வார்கள். அவளுக்கு அன்று ஓய்வு நாள். வீடியோவில் கூப்பிட்டேன்.

"வேலி போட்டுட்டாங்க."

"சித்திரையில போடாம? கேமராவத் திருப்பு. சோத்தாங்கைப் பக்கம் ஒரு கரையான் புத்து இருக்கும் பாரு."

"நாலு இருக்கு."

"பெரிய புத்து எது?"

"எல்லாம் என் அறிவு மாதிரி, ஒரே மட்டமா இருக்கு."

"நீ மட்டும் கடலுக்குப் போயிருந்தா மாமா, எலங்கையிலதான் கரையேறியிருப்ப."

அவள் சொல்லச் சொல்ல நடந்தேன். பள்ளத்தில் இறங்கி, ஓடை மணலைத் தாண்டி, மறுபடி ஏறினேன். புயலில் சாய்ந்து, படுத்தபடியே தழைத்த ஒரு முந்திரி மரம் எதிரே வந்தது.

"நில்லு" என்றாள். "இது நீ ஒதட்டச் சுட்டுக்கிட்ட மரம். அன்னிக்கி நீதான காட்டுன."

மரம் முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாகப் பழம். அவள் திரைக்குக் கிட்டே வந்து பார்த்தாள். அவளுக்குப் பின்னால் ஜன்னலுக்கு வெளியே மணல் நிறத்தில் ஒரு கட்டடம் தெரிந்தது.

"ஒண்ணு பறிச்சித் தின்னு மாமா. நான் பாக்குறேன்."

தின்றேன். சாறு வெள்ளைச் சட்டையில் வழிந்தது. அந்தக் கறை எந்த சோப்புக்கும் போகாது. கொட்டையைத் திருகி மரத்தடியில் வைத்தேன்.

"வச்சியா?"

"வச்சிட்டேன்."

"மாமா, இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க. நாளைக்குள்ள கையெழுத்துப் போடணும். நான் வரவா, இருக்கவா?"

நாக்கு நுனியில் மூன்று பதில்கள் தயாராக இருந்தன. மூன்றும் ஜோக். ரசத்தைப் பற்றிக்கூட ஒன்று இருந்தது. முதல் தடவை அப்படி ஒன்றைச் சொல்லித்தான் அவளை அனுப்பிவைத்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அவளாகப் போகவில்லை, நான் வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லாததால் போனாள். வாயைத் திறந்தேன். பழத்தின் காரல் தொண்டையைக் கட்டிக்கொண்டது. இருமினேன். கண்ணில் தண்ணீர் வந்தது.

"அழுவுறியா மாமா?"

"பழம் காருது."

"உப்பு தொட்டுத் தின்னணும். உன்கிட்ட இதெல்லாம் சொல்லியா குடுக்கணும்?"

"வந்துடு" என்றேன்.

திரையில் அவள் முகம் அப்படியே நின்றுவிட்டது. சிக்னல் போயிருந்தது. கேட்டதா இல்லையா என்று தெரியவில்லை. எனக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

மேட்டு உச்சியில் சிக்னல் விடாமல் கிடைக்கும். மீன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நாய்கள் இரண்டும், நான் மீனோடு தப்பிக்கிறேன் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடிவந்தன. உச்சியில் கொட்டை பொறுக்கும் பெண்கள் நாலு பேர் நிழலில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். மூச்சு வாங்கியபடி மறுபடி கூப்பிட்டேன்.

"நான் சொன்னது கேட்டுச்சா?"

"என்ன சொன்ன?"

"வந்துடுன்னு சொன்னேன்."

"செரியா கேக்கல மாமா."

"வந்துடு" என்று கத்தினேன்.

பெண்கள் கஞ்சியை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். "இன்னொரு தரம் சொல்லுப்பா, பொண்ணுக்குக் கேக்கல போல" என்றார் ஒருவர். இன்னொருவர் போனைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "வந்துடும்மா. இந்த மனுசன் மீனத் தூக்கிக்கிட்டு நாயோட அலையுறாரு."

"யாரு மாமா அது?"

"உங்க ஊருக்காரங்க. எல்லாருக்கும் கேட்டுடுச்சி. உனக்குத்தான் கேக்கல."

அப்புறம்தான் சொன்னாள், "மொதல் தரமே கேட்டுச்சி மாமா. இன்னொருவாட்டி கேக்கலாம்னு பாத்தேன்."

இன்னும் மூன்று மாதம் வேலை பார்த்துவிட்டுத்தான் கிளம்ப முடியுமாம். அதற்குள் பழக்காலம் முடிந்துவிடும். முள்ளையும் எடுத்திருப்பார்கள், பழைய வழியிலேயே நடக்கலாம். எனக்கு இப்போது இந்தச் சாய்ந்த மரத்து வழிதான் பழகிவிட்டது.

போன ஞாயிறு சட்டைப்பையில் உப்புப் பொட்டலம் வைத்துக்கொண்டு போனேன். மேட்டிலிருந்து கிழக்கே பார்த்தால் கடல் ஒரு நீலக் கோடாகத் தெரியும். அவள் இருக்கிற கடல் அது இல்லை, மேற்கே இருப்பது. தெரிந்தும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சாய்ந்த மரத்துக்கு இறங்கி வந்து ஒரு பழம் பறித்து, உப்புத் தொட்டுத் தின்றேன். காரவில்லை. கொட்டையைத் திருகி மரத்தடியில் வைத்தேன். அன்று அவளுக்குப் பகல் வேலை, கூப்பிட முடியாது. நாய்கள் இரண்டும் மீன் பையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தன.

"வச்சிட்டேன்" என்று அவற்றிடம் சொல்லிவிட்டு நடந்தேன்.