மூழ்கிய கப்பலுக்கு ஒரு படகு

தெருவுக்குத் தெரு பம்ப் பட்டறைகள் இருந்த பீளமேட்டில் சுந்தரராஜுலுவுக்கும் ஒன்று இருந்தது. பட்டறைக்கு வந்து சேரும் பம்புகளைச் சரிசெய்வது பாதி வேலை. வர முடியாத பம்புகளைத் தேடிப் போவது மீதி வேலை. தாராபுரத்துப் பக்கமிருந்தோ உடுமலைப் பக்கமிருந்தோ யாராவது ஒரு தோட்டத்துக்காரர் ஃபோன் செய்வார். "ஏனுங்க ராஜுலு, கயிறு அந்துபோச்சுங்க. மோட்டாரு அடியில கெடக்குதுங்க." அவர் போவார். சட்டையைக் கழற்றி மடித்து வைப்பார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு நாற்பதடித் தண்ணீருக்குள் தலைகீழாக இறங்கி, இருட்டில் கையால் தடவி, மோட்டார் வளையத்தில் கயிற்றைக் கட்டிவிட்டு மேலே வருவார். மில்லில் ஃபிட்டராக இருந்து பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாமல் வெளியே வந்த பத்தொன்பது வயதில் தொடங்கியது. நாற்பத்தாறு வயதிலும் மூச்சு அவரைக் கைவிடவில்லை.

தொண்ணூற்று மூன்றில் ஷாஹுல் பட்டறைக்கு வந்தார். உக்கடத்துக்காரர். ஷார்ஜாவில் எட்டு வருடம், கப்பல்களின் அடிப்பாகத்தைக் கடலுக்குள் இறங்கிச் சுத்தம் செய்யும் கம்பெனியில் இருந்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். கையில் ஒரு சின்ன கம்ப்ரெஸ்ஸரின் வால்வு.

"இதுல என்னங்க பாய் அடைப்பீங்க?" என்று ராஜுலு வால்வைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"காத்துங்ணா. சிலிண்டருக்குள்ள. தண்ணிக்குள்ள மூச்சு உடறதுக்கு."

ராஜுலு கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே இருவரும் உடுமலைக்குப் பக்கத்தில் சென்னியப்பன் தோட்டத்துக் கிணற்றில் இருந்தார்கள். சிலிண்டரை முதுகில் கட்டி இறங்கிய ராஜுலு இருபது நிமிடம் மேலே வரவில்லை. வந்தபோது ஒரு கையில் இரண்டு அரிவாளும் மறு கையில் ஒரு மூக்குக் கண்ணாடியும் இருந்தன. மூன்று வருடத்துக்கு முன்னால் தொலைந்த கண்ணாடி. அதை வேலைக்காரப் பெண் எடுத்துவிட்டாள் என்று நினைத்திருந்த சென்னியப்பனின் மனைவி குழந்தையம்மாள் அன்றைக்கே அந்தப் பெண்ணைத் தேடிப் போய்ப் பேசி, மதியச் சாப்பாட்டுக்கு அழைத்து வந்தார். ராஜுலுவுக்கோ கண்ணாடி பெரிதாகப் படவில்லை. இருபது நிமிடம் அடியில் உட்கார்ந்து மூச்சு விட்டதே பெரிதாக இருந்தது. சாப்பிடும்போதும் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு இரண்டு வருடம் ஒரு ஞாயிறும் தவறவில்லை. அவர்கள் இறங்காத பெரிய கிணறு அந்த வட்டாரத்தில் இல்லை என்றானபோது, ஷாஹுல் சொன்னார்: "கெணத்துல என்னங்ணா இருக்குது, நாலு செவுரு. மூழ்கிக் கெடக்கற கப்பலைப் பாக்கோணும் நீங்க. ஷார்ஜாவுல ஒண்ணு பாத்தேன். ஊடு மாதிரி ரூம் ரூமா இருக்குது. எல்லா ரூம்லயும் மீனு."

ராஜுலு அதை மறக்கவில்லை. தொண்ணூற்றைந்தில் தூத்துக்குடிக்குத் தெற்கே ஓர் உப்பளத்துக்குப் பம்ப் பொருத்தப் போனவர், அங்கே மேஸ்திரி பேச்சுவாக்கில் சொன்னதைக் கேட்டு இரண்டு முறை திரும்பக் கேட்டுக்கொண்டார். பக்கத்து மீன்பிடி ஊருக்கு நேர் கிழக்கே, வெள்ளைக்காரன் காலத்தில் மூழ்கிய இரும்புக் கப்பல் ஒன்று பத்துப் பாக ஆழத்தில், அதாவது அறுபதடியில், கிடக்கிறதாம்.

தொண்ணூற்றாறு மார்ச்சில் கிளம்பினார்கள். வாடைக் காலம் முடிந்து கடல் தெளியும் மாதம் அது. வேனில் கம்ப்ரெஸ்ஸர், நான்கு சிலிண்டர், ஷாஹுல், ராஜுலு. ஏறி உட்கார்ந்த பிறகு பார்த்தால் ராஜுலுவின் மனைவி பங்காரம்மாவும் ஒரு பையோடு வந்து நின்றாள்.

"நீ எங்க அம்மணி?"

"நீங்க கெணத்துல எறங்க ஆரம்பிச்சப்போ மேல கயித்தப் புடிச்சுட்டு நின்னது ஆருங்க? கடல்ல மேல ஆரு இருக்கறதுன்னு நான் பாக்கோணும். எறங்கறது எப்படின்னு பாய் பாத்துக்கட்டும். மேல நிக்கற ஆள நான் பாத்துக்கறேன்."

ஷாஹுல் நகர்ந்து இடம் கொடுத்தார்.

கரையில் அவர்கள் கண்ணில் முதலில் பட்டது ஒரு பெரிய விசைப்படகு. புதுப் பச்சைப் பெயின்ட், மேலே கூரை, டேப் ரிக்கார்டர். படகை நடத்துபவரை அந்த ஊரில் தண்டல் என்பார்கள். அந்தத் தண்டல் சிரித்த முகமாக வரவேற்று, கேட்பதற்கு முன்பே எஞ்சினை ஓட்டிக் காட்டினார். ஆறு சிலிண்டர். ராஜுலு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தையல் மெஷின் மாதிரி ஓடியது. அப்போதே மனதுக்குள் அவர் படகைத் தேர்ந்தெடுத்துவிட்டார்.

"கப்பல் இருக்கற எடம் தெரியுங்களா?" என்று ஷாஹுல் கேட்டார்.

"தெரியாம என்ன அண்ணாச்சி. அந்தா, அங்கிட்டுதான்." கை கடலின் கால்வாசியைச் சுற்றி வந்தது. "எப்பச் சொன்னாலும் போவோம். எவ்வளவு நேரம்னாலும் கெடப்போம்."

பங்காரம்மா முன்னால் வந்தாள். "இவங்க ரெண்டு பேரும் அடியில இருக்கறப்போ நீங்க என்னங்க பண்ணீட்டிருப்பீங்க?"

"சும்மா எதுக்கு இருக்கணும்னு அப்படியே ஒரு சுத்து போய் வலையைப் போட்டுட்டு வந்துருவோம், மதினி."

பங்காரம்மா கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். ராஜுலு அந்த எஞ்சினை இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே பின்னால் போனார்.

இரண்டாவது ஆள் வலை பின்னிக்கொண்டிருந்த ஓர் இளைஞர். நல்ல படகு, ஆனால் அவர் தலையை ஆட்டினார். "அந்தக் கப்பல் பக்கம் நாங்க போறதே இல்ல. வலை மாட்டிக் கிழிஞ்சிரும். எனக்கு அது எங்க இருக்குன்னு தெரிஞ்சா, அத விட்டு வெலகித்தான் போகத் தெரியும். அங்க போகணும்னா இன்னாசி அண்ணன்தான். சங்கு குளிச்சவரு. ஆனா அவரு எஞ்சின் செத்துக் கெடக்கு, பாத்துக்கிடுங்க."

இன்னாசியின் படகு கரையில் ஏற்றிக் கிடந்தது. சின்னப் படகு. பெயின்ட் உரிந்திருந்தது, ஆனால் கயிறுகள் ஒவ்வொன்றும் சுருள் சுருளாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. பக்கவாட்டில் இரும்பு ஏணி ஒன்று. ஐம்பத்தைந்து வயதிருக்கும் அவருக்கு. வலது காதைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். இடது காது ஆழத்தில் போய்விட்டதாம். இவர்கள் கேள்வி கேட்க வாயைத் திறப்பதற்குள் அவர் கேட்க ஆரம்பித்துவிட்டார். எத்தனை பாகம் வரை இறங்கியிருக்கிறார்கள், சிலிண்டர் எத்தனை, கத்தி உண்டா, வலையில் மாட்டினால் யார் யாரை அறுத்து விடுவிப்பது.

"நான் இருபத்தேழு வருஷமா கெணத்துல எறங்கறேனுங்க," என்றார் ராஜுலு, கொஞ்சம் நிமிர்ந்து.

"கெணத்துல நீவாடு உண்டா அண்ணாச்சி?"

நீவாடு என்றால் கடலடி நீரோட்டம் என்று ஷாஹுல் மெதுவாகச் சொன்னார். ராஜுலுவுக்குச் சுருக்கென்றது. ஆனால் கேள்வியை மனதுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தபோது, அது சரியான கேள்வியாக இருந்தது.

"இல்லீங்க," என்றார்.

"அப்ப மொதல் நாள் நான் சொல்றபடிதான் எறங்கணும். ஆனா நாளைக்கும் ஆகாது, மறுநாளும் ஆகாது. கொண்டல் காத்து அடிக்கி, தண்ணி கலங்கிக் கெடக்கு. வெள்ளிக்கெழம தெளியும். அதுவும் என் படகுல இல்ல. எஞ்சின் போச்சு."

பங்காரம்மா தன் கேள்வியைக் கேட்டாள். அடியில் ஆள் இருக்கும்போது என்ன செய்வார்?

இன்னாசிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "என்ன செய்ய, தாயி? குமிழியப் பாத்துக்கிட்டிருப்பேன். ரெண்டு ஆளுன்னா ரெண்டு குமிழி. வேற என்ன வேலை?"

மூவரும் கடற்கரை டீக்கடையில் உட்கார்ந்தார்கள். பங்காரம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். "எனக்கு இவருதானுங்க."

"எஞ்சின் இல்லாத படகுல எப்படி அம்மணி போறது?"

"எஞ்சின் ரிப்பேருன்னா நீங்க பண்ணிப்போடுவீங்க. அந்தப் பச்சப் படகுக்காரன ஆரு ரிப்பேர் பண்றது?"

ஷாஹுல் டீ புரையேறும் அளவுக்குச் சிரித்தார். ராஜுலு சிரிக்கவில்லை, எழுந்து படகை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

எஞ்சின் மூடியைத் தூக்கியதும் அவருக்குப் பழைய சிநேகிதனைப் பார்த்தது போலாயிற்று. கொங்கு நாட்டுத் தோட்டங்களில் தண்ணீர் இறைக்கும் அதே ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின்தான். அரை மணி நேரத்தில் நோய் தெரிந்தது. எஞ்சினைக் குளிர்விக்கக் கடல் தண்ணீரை ஏற்றும் குட்டிப் பம்பின் தண்டு உப்பேறி இறுகிவிட்டது. தண்ணீர் ஏறாமல் எஞ்சின் சூடாகி, எஞ்சின் தலையை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் தகடு எரிந்துபோயிருந்தது.

"எஞ்சின் சாகலீங்க," என்றார் இன்னாசியிடம். "பம்புதான் போயிருக்குது. பம்புன்னா நம்ம சமாச்சாரமுங்க."

அந்த இரண்டு நாளும் காற்று அடித்தது. ராஜுலு வேலை செய்தார். தூத்துக்குடியில் ஒரு லேத் பட்டறையைத் தேடிப் பிடித்து, தானே பக்கத்தில் நின்று புதுத் தண்டு கடைய வைத்தார். செம்புத் தகட்டை வாங்கி, மணலில் சம்மணமிட்டு கேஸ்கெட் வெட்டினார். சுற்றிலும் கூட்டம் கூடியது. இரண்டாம் நாள் மாலைக்குள் பக்கத்துப் படகுக்காரர்கள் மூன்று பேர் தங்கள் பம்புகளையும் கழற்றிக் கொண்டுவந்து வரிசையில் வைத்துவிட்டார்கள்.  ராஜுலு கேட்ட ஸ்பேனரை இன்னாசி கேட்ட நொடியில் நீட்டினார். பங்காரம்மா இன்னாசியின் மனைவியோடு சேர்ந்து மீன் குழம்புக்கு அரைக்கப் போய்விட்டாள். வியாழக்கிழமை மாலை கைப்பிடியைச் சுற்றினார்கள். முதல் சுற்றில் புகை. இரண்டாவதில் இருமல். மூன்றாவதில் எஞ்சின் டப் டப்பென்று பிடித்துக்கொண்டது. பக்கவாட்டுக் குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்து ஷாஹுலின் சட்டை முழுக்க நனைந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது காற்று அடங்கியிருந்தது. இன்னாசி திசைகாட்டி எதுவும் வைத்திருக்கவில்லை. மாதா கோயில் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் இருந்த உப்புக் கொட்டகையையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்தார். தெற்கே இரட்டைப் பனை ஒன்றாகத் தெரியும்வரை ஓட்டினார். பிறகு எஞ்சினை நிறுத்தி நங்கூரத்தை இறக்கினார். கயிற்றைப் பிடித்திருந்த கை ஒருமுறை சொடுக்கியது. "இரும்புல தட்டிருச்சு," என்றார்.

ராஜுலு சிலிண்டரைத் தூக்கினார். இன்னாசி கையை அமர்த்தினார். "இப்ப இல்ல. நீவாடு ஓடுது, கயிறு சாயுது பாருங்க. நிமிரட்டும்." முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். இருபத்தேழு வருடத்தில் தண்ணீருக்கு முன்னால் ராஜுலு இப்படிக் காத்திருந்ததில்லை. கயிறு மெல்ல நிமிர்ந்து நேராக நின்றது.

"இந்தக் கயித்தோட போயி, இந்தக் கயித்தோட வரணும். இருபத்தஞ்சு நிமிசம். நான் ஏணியில இரும்பால மூணு தட்டுத் தட்டுனா, என்ன அதிசயத்தப் பாத்துட்டிருந்தாலும் மேல வந்துரணும். போங்க."

கிணற்றில் ராஜுலுவுக்குத் தெரிந்ததெல்லாம் இருட்டு. இங்கே இறங்க இறங்க நீலம் விரிந்துகொண்டே போனது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கீழே ஒரு நிழல், பிறகு விலா எலும்புகள் போல இரும்புச் சட்டங்கள், பிறகு முழுக் கப்பலும் ஒருக்களித்துப் படுத்திருந்தது. சீலா மீன் கூட்டம் வெள்ளித் தகடுகளாகத் திரும்பியது. ஒரு பொந்திலிருந்து களவா மீன் ஒன்று வாயைத் திறந்தபடி அவரைப் பார்த்தது. ஆட்டுக்குட்டி அளவு இருந்தது. ஷாஹுல் கையைக் காட்டி அழைத்துப் போனார். பாய்லரைத் தாண்டி, மேல்தளம் இற்று விழுந்திருந்த எஞ்சின் அறை. உள்ளே வெயில் கற்றையாக விழுந்துகொண்டிருந்தது.

அங்கே ராஜுலு நின்றுவிட்டார். பாசியும் சிப்பியும் மூடியிருந்தாலும் உருவம் தப்பவில்லை. தரையோடு போல்ட் போட்டு இறுக்கிய பம்ப். உறிஞ்சும் குழாய் ஒருபுறம், வெளியேற்றும் குழாய் மறுபுறம். கையால் தடவினார். குழாயை இணைக்கும் ஃப்ளாஞ்ச் வளையத்தில் எட்டு போல்ட். எந்த ஊர்க்காரனோ ஒருவன் ஸ்பேனர் போட்டு ஒவ்வொன்றாக இறுக்கியிருக்கிறான். அத்தனை வருடக் கடல் தண்ணீரிலும் ஒன்றுகூட விலகவில்லை. அவர் பம்பின் மேல் உள்ளங்கையை வைத்தபடி இருந்தார். வாயில் காற்றுக் குழாயின் ரப்பர் இருந்ததால் சிரிக்க முடியவில்லை. முகக் கண்ணாடிக்குள் கண்தான் நனைந்தது. டங், டங், டங் என்று மேலிருந்து கேட்டது.

ஏணியில் ஏறி வந்தவர் மனைவியைப் பார்த்தார். 

"உள்ள பம்பு இருக்குதம்மணி."

"பம்பா?"

"எட்டு போல்ட்டு. ஒண்ணு அசையல."

பங்காரம்மா இன்னாசியைப் பார்த்தாள், ஷாஹுலைப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு படகின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். "பீளமேட்டுல இல்லாத பம்பாங்க," என்று சொல்வதற்குள் மூன்று தடவை மூச்சு வாங்கியது. இன்னாசிக்குப் பாதி கேட்கவில்லை. ஆனாலும் அவரும் சேர்ந்து சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் பங்காரம்மா ராஜுலுவின் முகக் கண்ணாடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இத மாட்டீட்டு நானும் ஒருக்காப் பாக்கலாமுங்களா?" என்று கேட்டது புருஷனை அல்ல, இன்னாசியைத்தான்.

அவர் கயிற்றைப் பார்த்தார். நேராக நின்றது. "ஏணியோட மூணாவது படிக்கு எறங்குங்க தாயி. ரெண்டு கையும் ஏணிய விடப்படாது."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். இன்னாசி ஒரு கையையும் ராஜுலு மறு கையையும் பிடித்துக்கொண்டார்கள். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள். எடுத்தாள். மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி வைத்தாள். ஆறு தடவை, ஏழு தடவை. ஷாஹுல் அவித்த பனங்கிழங்கை உரித்து எல்லோருக்கும் பங்கு வைத்துவிட்டார். பங்காரம்மாவின் பங்கு படகுப் பலகையில் அப்படியே இருந்தது. "மேல வா அம்மணி, போதும்," என்று ராஜுலு கூப்பிட்டார்.

"நீங்க சாப்பிடுங்க," என்றாள் அவள், தலையைத் தண்ணீரிலிருந்து பாதி தூக்கி. "கீழ ஒரு கூட்டம் போகுது. அது முடியட்டும், வாரேன்."