ஆடியில் வைத்த செங்கல்

சர்க்கரை நோயால் என் மனைவியின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எங்கள் வீடு தரைத்தளம்தான். ஆனாலும் வாசலில் ஐந்து படி. மழைத்தண்ணீருக்குப் பயந்து தூத்துக்குடியில் இப்போது உயர்த்தித்தான் கட்டுகிறார்கள். செயற்கைக் கால் பொருத்த வேண்டுமானால் வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போக வேண்டும். வாட்ச்மேனும் ஆட்டோக்காரரும் அவளைச் சக்கர நாற்காலியோடு தூக்கி இறக்குவார்கள். சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். ஒருநாள், "இனி வரலைங்க. ஊரு ஆம்பளைய கையில ஏறி எறங்கி எனக்குக் கால் வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள்.

படியை ஒட்டி ஒரு சரிவுப் பாதை கட்ட, குடியிருப்போர் சங்கத்தில் எழுதிக் கேட்டேன். ஆனிக் கடைசியில் அனுமதிக் கடிதம் வந்தது. முருகன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டேன். அதோடு ஒரு தப்பும் செய்தேன். இரண்டு நாளில் ஆடி பிறக்கிறதே, ஆவணியில் நல்ல நாள் பார்த்துத் தொடங்குவோம் என்று இருந்துவிட்டேன். ஆடியில் எங்கள் வீட்டில் எந்த வேலையும் புதிதாகத் தொட்டதில்லை.

ஆடிப் பாதியில் சங்கத்துக்குப் புது நிர்வாகிகள் வந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை கதவிடுக்கில் காகிதம் கிடந்தது. அனுமதி ரத்து, ஞாயிறு கூட்டத்தில் உறுதி செய்யப்படும். மாடியில் இருக்கிற புதுச் செயலாளரைப் போய்ப் பார்த்தேன். துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர், என்னைவிட இளையவர்.

"அண்ணாச்சி, அந்த இடத்துல நாலு பைக் நிக்கு. அதை எங்கன கொண்டுபோய் விட, உங்க தலையிலயா?"

"கையெழுத்துப் போட்டுத்தானே தம்பி குடுத்தீங்க?"

"அது பழைய கமிட்டி. வேலை தொடங்கியிருந்தா நாங்க கை வைக்க முடியாது, சங்க விதி அப்படி. நீங்க ஒரு செங்கலுகூட வைக்கலையே."

"ஆடி மாசம்லா தம்பி."

உள்ளே உட்கார்ந்திருந்த அவருடைய மாமனார் சிரித்தார். "பொண்டாட்டியத் தூக்கிட்டு எறங்குததுக்கு மட்டும் ஆடி, ஆவணி பாக்காண்டாமா வே?"

இறங்கி வந்தேன். ஒரு செங்கல் வைத்திருந்தால் கை வைக்க முடியாதாம். ஞாயிறு கூட்டத்துக்கு முன்னால் இருப்பது மறுநாள் சனிக்கிழமை மட்டும்தான், அஷ்டமி வேறு. கொத்தனாருக்குப் போன் போட்டேன்.

"ஆடி அஷ்டமியில நான் கரண்டியத் தொடமாட்டேன் அண்ணாச்சி. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்குல்லா. ஆவணி பொறக்கட்டும், மொத ஆளா வாரேன்."

அவரைக் குறை சொல்ல முடியாது. நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

நாளைக்கு நானே கல் வைக்கப்போவதாக மனைவியிடம் சொன்னேன். "ஏதும் கெட்டது வந்துராதேங்க?" என்று கேட்டாள். அவளுடைய மற்றக் காலைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. படத்தின் முன்னால் போய் நின்றேன். 'வந்தால் எனக்கு வரட்டும் முருகா, அவளுக்கு வேண்டாம்' என்பதற்கு மேல் வேண்டத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலையில் நானே சிமெண்டு குழைத்தேன். ஒரு வரிசை வைத்து முடிக்கும்போது செயலாளர் பைக் எடுக்க வந்தார்.

"என்ன அண்ணாச்சி இது?"

"வேலை ஆரம்பிச்சாச்சு தம்பி."

செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். பைக்கை எடுத்துக்கொண்டு போனார். வாசலுக்குச் சக்கர நாற்காலியை நகர்த்தி வந்து எட்டிப் பார்த்த என் மனைவி, "மூணாவது கல்லு கோணலா இருக்கு. எடுத்து வைங்க" என்றாள். எடுத்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இரண்டு மணி நேரம் ஏசினார்கள். கடைசியில் 'வேலை நடந்துகொண்டிருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஆவணியில் கொத்தனார் வந்து முடித்துக் கொடுத்தார். இப்போது அவள் யார் கையும் படாமல் இறங்கி ஆட்டோ வரைக்கும் போகிறாள். நான் தினமும் விளக்கேற்றியதும் அவள் வலது பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். கொசு கடித்த தடிப்பு இருந்தால்கூட அன்றைக்கு எனக்கு வேலை ஓடுவதில்லை.