தம்பியின் பாதி

என் தம்பி செத்துப்போனான் என்று கோட்டையில் கையெழுத்துக்குப் பதிலாகக் கீறல் போட்டுக் கொடுத்தவள் நான். எனக்கு எழுத்துத் தெரியாது. இதையும் நான் சொல்லச் சொல்ல வேறொருவர்தான் எழுதுகிறார்.

உலாந்தா வெள்ளைக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டியிருந்து, அவர்கள் கப்பல்கள் வந்துபோன காலம் அது. கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நிற்கும். சலங்குப் படகுகள் போய்த்தான் ஆளையும் சரக்கையும் இறக்கிக்கொண்டு வரும். எங்கள் நைனா ஒரு சலங்குக்குத் தண்டேல். படகில் அவர் சொன்னதுதான் சட்டம். அந்தச் சம்பாத்தியத்தில் கிளிஞ்சல் சுண்ணாம்பு பூசி, ஓடு போட்டு, ஏரியைப் பார்த்தபடி ஒரு வீடு கட்டினார். அவருக்குப் பின்னால் அது அண்ணனுக்கும் தம்பிக்கும் பொது. எனக்குச் சீர் கொடுத்து அனுப்பிவிட்டதால் பங்கு கிடையாது. நானும் என் வீட்டுக்காரரும் கடற்கரையில் ஓலைக் குடிசையில் இருந்தோம். ஐப்பசி பிறந்தால் அடுப்புக்குள் தண்ணீர் நிற்கும்.

தம்பி கப்பல் வேலைக்குக் கடல் தாண்டி அவர்களுடைய பத்தாவியா பட்டணத்துக்குப் போனான். இரண்டு வருஷம் ஒரு சேதியும் இல்லை. ஒருநாள் காலையில் நான் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்து மணலில் உட்கார்ந்தார்.

"கப்பல்ல வந்த ஆள் சொன்னான்மே. சொரம் கண்டு பூட்டானாம். கடல்லயே வுட்டுட்டாங்களாம்."

அன்று நான் கத்திய கத்தலில் குப்பமே கூடியது. உடம்பு இல்லாமலேயே சடங்கு செய்தோம். பதினாறாம் நாள் அண்ணன் மொட்டையடித்துக்கொண்டு ஏரியில் முழுக்குப் போட்டார். கரையேறும்போது அவர் கால் தள்ளாடியது. நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

ஆறு மாதம் கழித்து, சதுரங்கப்பட்டினத்துக்கே குடிபோகப் போவதாகவும், வீட்டை எங்களுக்கே கொடுத்துவிடுவதாகவும் அண்ணன் சொன்னார். "வெளியாளுக்கு வித்தா நைனா மன்சு ஆறாது," என்றார். என் வீட்டுக்காரர் தன் சலங்குப் பங்கை விற்றார். நான் காதில் கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தேன்.

கிரயம் எழுதக் கோட்டைக்குப் போனோம். எழுதுகிறவர் வயதானவர், நிதானமாகக் கேள்வி கேட்பவர். பழைய ஓலை எங்கே என்று கேட்டார். அண்ணன் எடுத்துக் கொடுத்தார். யாரிடமாவது ஒத்தி வைத்திருக்கிறதா? இல்லை. நாலு பக்கமும் எல்லை எது? சொன்னார். ஏரிக்கு இறங்கும் வழி வீட்டோடு சேர்ந்ததா, பொதுவா? பொது. கடைசியாக, "வேற பங்காளி உண்டா?" என்றார்.

"ஒரு தம்பி இருந்தான். பூட்டான்."

"செத்ததைப் பாத்தது யாரு?"

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் முன்னால் போய், "ஆமாங்கய்யா, கருமாதியெல்லாம் செஞ்சுட்டோம்," என்றேன்.

"நீ பாத்தியாம்மா?"

"எங்க அண்ணன் சொன்னாரு."

அவர் எழுத்தாணியைக் கீழே வைத்தார். "அடுத்த கப்பல்ல பத்தாவியாவுக்கு ஒரு கடுதாசி போட்டுக் கேட்டுக்கலாம். வூடு எங்கயும் ஓடிடாது," என்றார். என் வீட்டுக்காரர் யோசித்தார். அண்ணன் கண் கலங்கிவிட்டது. "என் தங்கச்சிகிட்டயா நான் பொய் சொல்லுவேன்?"

எனக்கு எழுதுகிறவர் மேல்தான் கோபம் வந்தது. துக்கத்தில் இருப்பவரை இப்படியா குடைவது? "எழுதுங்கய்யா," என்று சொன்னது நான்தான். வேறு பங்காளி இல்லை என்பதற்கு உடன்பிறந்தவள் சாட்சி என்று எழுதி என் முன்னால் வைத்தார். கீறல் போட்டேன்.

அந்த வீட்டில் இரண்டு மழைக்காலம் நனையாமல் தூங்கினோம். பின்சுவரை எடுத்துக் கட்டினோம், கிணறு தோண்டினோம். சலங்குப் பங்கு போனதால் என் வீட்டுக்காரர் கூலிக்குத் துடுப்புப் போட்டார். ஒருநாள் கப்பலிலிருந்து ஆள் இறக்கப் போனவர், பொழுது சாயும் முன்பே வாசலில் வந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. அவருக்குப் பின்னால் கறுத்து மெலிந்து, கையில் ஒரு மூட்டையோடு என் தம்பி.

"அக்கா," என்றான்.

எனக்கு முதலில் பயம்தான் வந்தது. பிறகு அவன் தலை, தோள், விரல் எல்லாம் தொட்டுப் பார்த்தேன். சோறு போட்டேன். தின்றுகொண்டே, "அண்ணன் எங்க? நான் அனுப்பிச்ச கடுதாசி வந்திச்சா?" என்றான். தன் கப்பல்காரன் ஒருவனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறான். அந்த ஆளும் இந்தக் கப்பலிலேயே வந்திருந்தான். மறுநாள் அவனைக் கூட்டிவந்து கேட்டோம். கரையில் அண்ணன் கையிலேயே கொடுத்தானாம். எப்போது என்றேன். ஆடி மாதம் என்றான்.

நாங்கள் கருமாதி செய்தது அதே வருஷம் ஆவணியில்.

அண்ணன் மொட்டையடித்தபோது, முழுக்குப் போட்டபோது, தள்ளாடி என் கையைப் பிடித்தபோது, எல்லா நேரமும் தம்பி உயிரோடிருப்பது அவருக்குத் தெரியும். வீடு போனதைவிட அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தம்பி கோட்டையில் பிராது கொடுத்தான். கிரயத்தைப் படித்துக் காட்டியபோதுதான் என் கீறல் அவனுக்குத் தெரிந்தது. எல்லோர் முன்னாலும் கேட்டான்.

"நான் செத்துட்டேன்னு நீயும் சொன்னியா?"

"அண்ணன் சொன்னத நம்பிட்டேன்டா."

"வூடு வருதேன்னுதான் நம்பிட்ட."

அது பொய் என்று அடித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அண்ணன் விற்றது அவருடைய பாதி மட்டும்தான், தம்பி பாதியை விற்க அவருக்கு உரிமை இல்லை, கொடுத்த பணத்தில் பாதியை விற்றவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று தீர்ப்பானது. கிணறும் புதுச்சுவரும் தம்பி பக்கம் போயின. அவற்றுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

என் வீட்டுக்காரர் சதுரங்கப்பட்டினம் போனார். அண்ணன் அங்கே சொந்தமாகப் படகு வைத்திருந்தாராம். "எழுதறவரு நிதானிக்கச் சொன்னாரே, அவசரப்பட்டது ஒங்க வூட்டு அம்மாதானே?" என்று கேட்டு வெறுங்கையோடு அனுப்பிவிட்டார். அவர் சொன்னது பொய்யில்லை. அதனால்தான் இத்தனை வருஷமும் அது என்னை அறுக்கிறது.

வீட்டின் நடுவே தம்பி சுவர் எழுப்பினான். பக்கத்து ஊரான பசியாவரத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். என் வீட்டுக்காரரோடு கடலுக்குப் போகிறான், அவரிடம் நன்றாகத்தான் பேசுகிறான். அவன் மனைவி கிணற்றில் எனக்கும் தண்ணீர் எடுக்க வழி விடுகிறாள். நான் எதிரே வந்தால் மட்டும் அவன் ஒதுங்கி நின்று நான் கடந்துபோகும்வரை ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பான்.