எதிர் பஸ்ஸைக் கண்டால் நிற்கிறார்கள்

1938 ஜூலை 12, மாலை நாலே கால். குற்றாலம் சாலையில் பஸ் இரண்டு, டிரைவர் இரண்டு, கோபத்தில் நான் ஒருவன்.

மெட்ராஸில் மோட்டார் படிப்பு முடித்துத் தென்காசி பஸ் ஷெட்டில் சேர்ந்ததும், டிரைவர்களுக்குச் சனிக்கிழமை வகுப்பு வைத்தேன். நான் படம் வரைவேன், அவர்கள் தூங்குவார்கள். இன்னொரு பஸ் பழுதாகி வழியில் நின்றால் வகுப்பையே மூடச் சொல்லிவிட்டார் முதலாளி.

இன்று நல்ல சாரல். மலைக்குப் பாதிக்கு மேல் உருவமே இல்லை. அருவிப் பக்கமிருந்து வந்த பஸ்ஸைக் கண்டதும் எங்கள் டிரைவர் சுடலை வண்டியை நிறுத்தினார். இப்படி நின்று பேசக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டியதே நான்தான்.

அந்த பஸ் டிரைவர் மைதீன் கத்தினார்: "ஏலே சுடலை! வளைவுல சாரல் நேரா எஞ்சினுக்குள்ள அடிக்குது. மேக்னெட்டோ நனைஞ்சு, பொறி வராம நின்னுட்டேன். பழைய டியூப்பை வெட்டி மூடுனேன், இப்பம் ஓடுது."

"மெதுவாப் பேசுலே, வாத்தியாரு உள்ள இருக்காரு!"

சுடலை அங்கேயே இறங்கி டியூப்பை வெட்டி மூடினார். இரண்டு எஞ்சின்களும் தணிந்து முனகின. சாரலில் சாலை மிதப்பதுபோல் இருந்தது. அப்படியே இருட்டும்வரை நிற்கலாம் போலிருந்தது.

வளைவில் எங்கள் பஸ் நிற்கவில்லை.

இனி:
1. நோட்டீஸைக் காலையில் நானே கிழிப்பேன்.
2. பஸ்கள் சந்திக்கும் இடத்தில் ஐந்து நிமிடம் நிற்க, நேர அட்டவணையிலேயே எழுதுவேன்.
3. அது அரட்டை இல்லை, பாடம் என்று முதலாளியிடம் சொல்வேன். எப்படிச் சொல்வது என்று தெரிந்தவர்கள் உடனே ஒரு கார்டு போடுங்கள்.