நேராக்கிய வாய்

என் அண்ணனுக்குத் தெருவில் ‘ஸ்கேல்’ என்று பட்டப்பெயர். போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறான். பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க யார் போனாலும், முகத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, இறங்கிய புருவத்தை ஏற்றுவான், சாய்ந்த உதட்டை நிமிர்த்துவான். யாரும் கேட்பதில்லை, இவனாகவே செய்வான். படத்தை வாங்கிப் பார்த்தவர்கள் வாயெல்லாம் பல்லாகப் போவார்கள்.

“உலகத்துல நேரான மூஞ்சின்னு ஒண்ணு கிடையாது. ஒரு பக்கமா மெல்லுறவன், ஒரு பக்கமா படுக்கிறவன், எல்லாருக்கும் கொஞ்சம் கோணல்தான்” என்பான். உண்மைதான். இருபது வருடமாக முகம் பார்த்தவன். அந்தத் திமிர்தான் என் வயிற்றில் அடித்தது.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். அன்று அவருக்கு விடுமுறை. லைசென்ஸ் புதுப்பிக்கப் படம் எடுக்க வேண்டும் என்றார். காலை எட்டு மணிக்கு நான் தையல் கம்பெனிக்குக் கிளம்பும்போது, “குடையை எடுத்துக்கோ” என்று சொன்னார். தெளிவாகச் சொன்னார். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட வந்தால், ஆள் கட்டிலில் கிடக்கிறார். வாயின் இடப்பக்கம் கீழே இறங்கியிருக்கிறது. இடது கை தூக்க வரவில்லை. என்னவோ சொல்கிறார், குழறுகிறது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அண்ணனுக்கும் போன் செய்தேன், அவனும் அங்கே வந்து சேர்ந்தான்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டுக் கேட்டார். “கடைசியா எப்போ நல்லா இருந்தார்? மூளையில அடைச்சிருக்கிற ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அதுக்கு மேல போட்டா மூளையில ரத்தம் கசியலாம்.”

அப்போது மணி இரண்டாகப் போகிறது. எட்டு மணிக்குப் பார்த்தேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்த ஸ்டுடியோ கவரைத்தான் எடுத்து நீட்டினேன். உள்ளே எட்டுப் படங்கள். எட்டிலும் முகம் நேராக இருந்தது.

“இன்னைக்கு எடுத்ததுதான் டாக்டர். என் அண்ணன்தான் எடுத்தான்.”

“எத்தனை மணிக்கு?” என்று டாக்டரம்மா அண்ணனைக் கேட்டார்.

“பத்தேகால்” என்றான்.

“அப்போ நேரம் இருக்கு.” நர்ஸிடம் ஊசியைத் தயார் செய்யச் சொன்னார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அண்ணன் மட்டும் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். நர்ஸ் மருந்தைப் பிரித்தாள்.

“டாக்டர், போடாதீங்க” என்றான். “படத்துல நான் நேராக்கினேன். வந்து உட்காரும்போதே வாய் கோணியிருந்துச்சு. ஒரு பக்கமா படுத்துத் தூங்கியிருப்பார்னு நெனச்சேன்.”

டாக்டரம்மா நர்ஸின் கையைப் பிடித்து நிறுத்தினார். பிறகு அவனைப் பார்த்துக் கத்தினார். “பிறவியில இருந்தே இருக்கிற கோணல் வேற. திடீர்னு முகம் ஒரு பக்கம் இறங்கினா, வலி இல்லாட்டியும், தானா சரியாப் போனாலும், அந்த நிமிஷமே ஓடி வரணும். நீங்க பாத்தப்பவே கூட்டிட்டு வந்திருந்தா ஊசி போட்டிருப்பேன்!”

நான் அண்ணன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன். “பதினாறு வருஷமா மாப்ளே மாப்ளேன்னு கூப்பிடுறே. அவர் மூஞ்சி உனக்குத் தெரியாதா? ஒரு போன் போட உன் கை என்ன முறிஞ்சா போச்சு? படத்துல நிமிர்த்தினியே, இப்போ இங்க நிமிர்த்துடா பாப்போம்!” பெரியவனை ‘டா’ போட்டது அன்றுதான்.

அவர் பிழைத்துக்கொண்டார். கோலூன்றி நடக்கிறார். இடது கை எதையும் பிடிக்காது. இனி பஸ் ஓட்ட முடியாது. ஸ்டுடியோவில் அண்ணன் இப்போதெல்லாம் யார் முகமாவது சாய்ந்திருந்தால், “எப்போல இருந்து இப்படி இருக்கு? ரெண்டு கையையும் தூக்குங்க” என்கிறானாம், போலீஸ்காரன் மாதிரி. நல்ல புத்தி, என் வீட்டை வாழை இலை போலக் கிழித்த பிறகு வந்திருக்கிறது. கடைசி நேரத்திலாவது உண்மையைச் சொன்னானே என்று சொந்தக்காரர்கள் அவனுக்காகப் பரிந்து பேசுகிறார்கள். இருக்கட்டும்.

தினமும் சாயங்காலம் வருகிறான். இவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுக்கிறான். அவன் தலையைக் கண்டதும் இவர், “வா மச்சான்” என்று குழறலாகக் கூப்பிட்டு, அசைகிற பாதி வாயால் சிரிக்கிறார். மனசாரச் சிரிக்கிறார். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறேன். அவருக்குப் பாதி முகம்தான் சிரிக்கிறது, என்னால் அவனைப் பார்த்து அதுகூட முடியவில்லை.